ரப்பர் தவளைக்கு முன்னால் ஒரு மரத்துண்டு: யார் இந்த ஜேம்ஸ் ஹெடன்?

வெம்பக்கோட்டை அணையோ, ஊர்க் கண்மாயோ... விரால் பிடிக்கப் போகிறவர்கள் பையில் இப்போதெல்லாம் ஒரு ரப்பர் தவளை கிடக்கிறது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடும். மண்புழு வேண்டாம், உயிருள்ள தவளையும் வேண்டாம். தண்ணீர் மேலே ஒரு பொம்மையை ஓட்டி மீனை ஏமாற்றும் இந்த வித்தையைப் பெரிய தொழிலாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஹெடன். அவர் மீனவர் இல்லை, தேனீ வளர்த்தவர்!

தேன் பெட்டியிலிருந்து தூண்டிலுக்கு

1845-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் பிறந்த ஹெடன், மிச்சிகனில் உள்ள டோவாஜியாக் என்ற சின்ன ஊரில் வாழ்ந்தார். தேன்தான் அவருக்குப் பிழைப்பு. 1885-ல் தனித்தனி அடுக்காகப் பிரிக்கக்கூடிய தேனீப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு தேனீ வளர்ப்பு பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

ஒருநாள் ஊர்க் குளக்கரையில் நண்பர்களுக்காகக் காத்திருந்தவர், சும்மா ஒரு கட்டையைச் சீவித் தண்ணீரில் வீசினாராம். கீழிருந்து ஒரு பாஸ் மீன் பாய்ந்து அதை அடித்ததாம். டோவாஜியாக்கில் இன்றும் சொல்லப்படும் கதை இது. பாஸ் என்பது நம்ம விரால் மாதிரி, மறைவில் பதுங்கி இரையைத் தாக்கும் நன்னீர் மீன். பிறகு மரத்திலேயே தவளை செதுக்கி, முள் பொருத்தி, தானும் பயன்படுத்தி நண்பர்களுக்கும் கொடுத்தார்.

ஊர் பெயரே பிராண்ட்

பிறகு மகனுடன் சேர்ந்து இதைத் தொழிலாக்கினார். 1902-ல், தண்ணீர் மேல் ஓடும் தூண்டில் பொம்மைக்குக் காப்புரிமை கிடைத்தது. சாய்வான மூக்கு, கழுத்தில் ஒரு வளையம். இழுத்தால் தண்ணீர் தெறிக்கும். அந்தச் சலசலப்புதான் மீனைக் கூப்பிடும் அழைப்பு மணி.

பொம்மைக்கு அவர் வைத்த பெயர், ஊர் பெயரான டோவாஜியாக். பட்டாசு என்றதும் சிவகாசி ஞாபகம் வருகிற மாதிரி, அமெரிக்கத் தூண்டில்காரர்களுக்கு அந்த ஊர் பெயர் பழகிப்போனது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து சிவகாசியை மாற்றினார்கள். ஹெடன் 1911-லேயே இறந்துவிட்டார். தொழிலை அவர் மகன்கள் பெரிதாக்கினார்கள். 1939-ல் வந்த 'ஜாரா ஸ்பூக்' என்ற அந்த நிறுவனத்தின் பொம்மை இன்றும் விற்பனையில் இருக்கிறது.

எப்படிக் கட்டணும்?

ஸ்பூக் மாதிரி பொம்மையில் முடிச்சை இறுக்கிக் கட்டக் கூடாது. சின்ன வளையம் விட்டுக் கட்டினால்தான் தலை இடதும் வலதுமாக ஆடும். நரம்பும் முக்கியம்: ஃப்ளூரோகார்பன் தண்ணீரில் மூழ்கி மூக்கைக் கீழே இழுக்கும். மிதக்கும் பிரெய்டு நரம்பே இதற்கு நல்லது.

ஆனால் அல்லியும் ஆகாயத்தாமரையும் மண்டிய கண்மாயில், கீழே மூன்று முனை முள் தொங்கும் பொம்மை இலையில்தான் மாட்டும். அங்கே ரப்பர் தவளைதான் சரி. அதன் இரண்டு முள்ளும் மேல்நோக்கி முதுகோடு ஒட்டியிருக்கும். மீன் கவ்வினால் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். அதனால் அடித்தவுடனே சுண்டாமல், நரம்பு இறுகும்வரை ஒரு நொடி பொறுக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை

விரால் காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வரும் மீன். தண்ணீர் மேல் ஓடும் தவளை அதனிடம் எடுபடுகிறது. மழைக்காலத்தில் அது குஞ்சுகளோடும் மேலே வரும். சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம் தெரிந்தால், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அப்போது தவளையை வீசினால் உடனே அடிக்கும். பசியில் அல்ல, பிள்ளைகளைக் காக்கும் கோபத்தில். பெரிய மீனைத் தூக்கிவிட்டால், நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. அடுத்த வருஷம் அந்தக் கண்மாயில் விரால் குறையும்.

குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள். கண்மாய் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறதா என்பதையும், தூண்டில் போடும் முன்பே ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள்.