ஐ.நா. சாசனத்தில் ஒப்பமிட்ட தமிழர்

ஊர்காவற்றுறையாயினும் நெடுந்தீவாயினும், எமது தீவுகளில் தாய்மார் தம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவிப்பது இன்று சாதாரண காரியம். 2016ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என அறிவித்ததையும் வாசகர்கள் அறிவீர்கள். அந்த நிறுவனம் உருவாக வழிசெய்த சபைகளிலே தலைமை வகித்தவர் ஒரு தமிழர் என்பதை எம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே சேர் ஆற்காடு இராமசாமி முதலியார்.

1887ம் ஆண்டு ஒக்டோபர் 14ம் திகதி கர்நூலிலே இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவராக இவர் பிறந்தார். மற்றவர் இலட்சுமணசாமி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். நீதிக் கட்சியில் சேர்ந்து, பிராமணரல்லாதாருக்கு உரிய இடம் வேண்டுமென வாதாடினார். அக்கட்சியின் ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1928 முதல் 1930 வரை சென்னை மேயராகவும் இருந்தார். ஆனால் 1934ம் ஆண்டு மத்திய சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் சத்தியமூர்த்தியிடம் தோல்வி கண்டார்.

மக்கள் வாக்கிலே தோற்றவரைப் பிரித்தானிய அரசு உயர்த்தியது. 1939ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் அங்கத்தவரானார். 1942ல் காந்தியும் நேருவும் சிறை சென்றனர். அதே ஆண்டில் இவர் இலண்டன் யுத்த மந்திரிசபையிலே இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்தார். அன்னியனுக்குத் துணைபோனவர் என்ற பழி இவர்மேல் விழுந்ததில் வியப்பில்லை.

1945ல் சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் மகாநாடு கூடியபோது இந்தியத் தூதுக்குழுவின் தலைவராக அவர் சென்றார். நேருவின் சகோதரி விஜயலட்சுமி பண்டிதர் அதே நகருக்குச் சென்று, இக்குழு இந்திய மக்களின் பிரதிநிதிகள் அல்ல எனப் பிரசாரஞ் செய்தார். அவர் கூறியது உண்மையே. எனினும், கிடைத்த ஆசனத்தை முதலியார் எதற்குப் பயன்படுத்தினார் என்பதையும் நாம் பார்க்கவேண்டும்.

வல்லரசுகள் முன்பு தயாரித்த திட்டத்திலே பொருளாதார சமூக சபைக்கு இரண்டாந்தர இடமே இருந்தது. அவ்விடயத்தை ஆராய்ந்த குழுவுக்கு முதலியார் தலைமை வகித்தார். முடிவில் அச்சபை ஐ.நா.வின் பிரதான அங்கங்களுள் ஒன்றாயிற்று. உலகுக்கெனச் சுகாதார நிறுவனம் ஒன்று வேண்டும் என்ற பிரேசில், சீன நாடுகளின் பிரேரணையும் அக்குழுவிலேயே ஏற்கப்பட்டது. யூன் 26ம் திகதி இந்தியாவின் சார்பிலே சாசனத்தில் அவர் ஒப்பமிட்டார்.

1946 சனவரியில், 18 நாடுகள் கொண்ட பொருளாதார சமூக சபை இலண்டனிலே முதன்முறை கூடியபோது, அவரே அதன் முதலாவது தலைவராகத் தெரிவானார். அச்சபை கூட்டிய சுகாதார மகாநாடே உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பை வகுத்தது. அச்சபை அமைத்த மனித உரிமை ஆணைக்குழுவே 1948ம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்தது. மருத்துவரான தம்பி இலட்சுமணசாமியோ பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாக சபைத் தலைவரானார்!

சுதந்திர இந்தியா அவரை ஒதுக்கவில்லை. 1948ல் ஐதராபாத் பிரச்சினை பாதுகாப்புச் சபைக்கு வந்தபோது, நேருவின் அரசு வாதாட அனுப்பியது அவரையே. 1970ல் பத்ம விபூஷண் விருதும் கிடைத்தது. 1976 யூலை 17ம் திகதி அவர் காலமானார்.

அன்பான வாசகரே, ஒருவர் எவ்வாறு பதவிக்கு வந்தார் என்று கேட்பது எமது உரிமை. அப்பதவியில் இருந்து ஏழைக்கும் நோயாளிக்கும் என்ன செய்தார் என்று கேட்பது எமது கடமை. இரண்டு கேள்விகளையும் கேட்ட பின்னரே ஒருவரை எடைபோடுவோமாக.