ஐந்து மைலுக்குள் ஒரு வீடு!

பூம்புகாரை அடுத்த கீழையூரில், 1960-களில் தொல்பொருள் துறையினர் மண்ணைத் தோண்டினார்கள். உள்ளே பழங்காலப் படகுத்துறை ஒன்று இருந்தது. 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதை எதைக் கொண்டு கட்டியிருந்தார்கள் தெரியுமா? செங்கல்! படகுகளைக் கட்டுவதற்கு மரத்தூண்கள்.

காவிரி கடலோடு கலக்கும் அந்தப் பகுதியில் மலை கிடையாது. களிமண் உண்டு. கடற்கரையில் கிளிஞ்சல் உண்டு. களிமண்ணைச் சுட்டால் செங்கல். கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. கையருகே கிடைப்பதைக் கொண்டு வீடு கட்டுவது அங்கே பரம்பரை வழக்கம்.

காலப்போக்கில் அந்தப் பழக்கம் மறந்து போயிற்று. அதை நம் நாட்டுக்கே மறுபடியும் சொல்லிக் கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயர். அவர்தான் லாரி பேக்கர்.

துணிச் செருப்பு

பேக்கர் 1917-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். கட்டிடக் கலை படித்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டது. பேக்கர் துப்பாக்கி ஏந்த விரும்பவில்லை. மருத்துவ உதவிப் படையில் சேர்ந்து சீனா சென்றார். அங்கே தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்.

உடல்நலம் குன்றி ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தார். அப்போது காந்தியடிகளைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பேக்கர் காலில் இருந்தது, கந்தல் துணியைக்கொண்டு அவரே செய்த செருப்பு. அது காந்தியடிகளின் கண்ணில் பட்டது. பேச்சு வளர்ந்தது. ஏழையின் வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து.

அந்த ஒரு கருத்து பேக்கரின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது!

மலையில் கற்ற பாடம்

1945-ல் தொழுநோய்ச் சேவைக்காகப் பேக்கர் இந்தியா வந்தார். 1948-ல் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்தை மணந்தார். புதுமணத் தம்பதிகள் இமயமலைப் பகுதியில் உள்ள பித்தோராகருக்குப் போனார்கள். டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நோயாளிகள் திரண்டுவிட்டார்கள். சுற்றிப் பார்க்கப் போனவர்கள் பல ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

பேக்கர் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டத் தொடங்கினார். பர்மிங்ஹாமில் படித்த படிப்பு அங்கே அதிகம் கைகொடுக்கவில்லை. மலைவாசிகள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்து, குளிரையும் மழையையும் தாங்கும் வீடு கட்டினார்கள். பட்டம் பெற்றவர், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் மாணவர் ஆனார்.

செங்கல்லை நிமிர்த்தினார்!

1963-ல் தம்பதிகள் கேரளத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். பிறகு திருவனந்தபுரத்தில் நிலையாகத் தங்கினார்கள். பேக்கரின் புகழ் பரவியது அங்கேதான்.

அவருடைய சிக்கனத்தின் ரகசியம் என்ன?

செங்கல்லைப் படுக்க வைத்துச் சுவர் எழுப்புவது வழக்கம். பேக்கர் அதை விளிம்பில் நிறுத்திவைத்தார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெற்றிடம் விழுந்தது. ஒன்பது அங்குலச் சுவருக்கு 1,000 கல் வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 750 கல் போதும்! சாந்தும் மிச்சம். வெயிலின் சூடும் எளிதில் உள்ளே வராது.

கான்கிரீட் கூரையின் அடிப்பாகத்தில் உள்ள கான்கிரீட் பாரம் தாங்குவதில் அதிகம் உதவுவதில்லை. அந்த இடத்தில், கழித்துப்போட்ட ஓடுகளைக் கம்பிகளுக்கு இடையே பதித்தார். சிமெண்டு செலவு குறைந்தது.

சன்னலுக்கு மரச்சட்டம், கம்பி, கண்ணாடி எல்லாம் வேண்டும். பல இடங்களில் அவற்றை விட்டுவிட்டு, செங்கல்லிலேயே துவாரம் விட்டுச் சல்லடைச் சுவர் எழுப்பினார். காற்றும் வெளிச்சமும் தாராளமாக வந்தன. வாசலுக்கு மேலே கான்கிரீட் உத்தரம் இல்லை; செங்கல் வளைவு. சுவருக்குப் பூச்சு இல்லை. இடிந்த வீட்டுக் கதவு, உடைந்த ஓடு, காலி பாட்டில் எதையும் அவர் வீணாக்கியதில்லை. மனையில் மரம் நின்றால் அதை வெட்டமாட்டார், சுவரை வளைத்துவிடுவார்!

இப்படி மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பங்கு கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியாகப் போகவேண்டும் என்பது அவர் எண்ணம். சிமெண்டுக்குக் கொடுக்கும் பணம் ஊரைவிட்டுப் போய்விடும். கூலியாகக் கொடுக்கும் பணம் ஊரிலேயே சுற்றும்.

கேலி செய்தார்கள்

பூசாத சுவரைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். இந்தச் சுவர் நிற்குமா என்று பொறியாளர்கள் சந்தேகப்பட்டார்கள். பேக்கர் வாதாடிக்கொண்டு இருக்கவில்லை. கட்டிக் காட்டினார். 1971-ல் தொடங்கப்பட்ட வளர்ச்சி ஆய்வு மையத்துக்காகத் திருவனந்தபுரம் உள்ளூரில் அவர் எழுப்பிய செங்கல் கட்டிடங்கள் சந்தேகப்பட்டவர்களுக்குப் பதில் சொல்லின.

முதல்-மந்திரியாக இருந்த அச்சுத மேனன் அவருக்கு உற்ற துணையாக நின்றார். 1985-ல் மேனனும், பொருளாதார மேதை கே.என்.ராஜும், பேக்கரும், நண்பர்களும் சேர்ந்து 'காஸ்ட்ஃபோர்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்டித் தருவது அதன் பணி.

பேக்கர் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2007-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, தமது 90-வது வயதில், திருவனந்தபுரத்தில் தாமே கட்டிய வீட்டில் கண்ணை மூடினார்.

மீண்டும் கடற்கரையில்...

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அலை பூம்புகார்க் கடற்கரையைச் சூறையாடியது. மீனவர்கள் வீடு வாசல் இழந்து நின்றார்கள். பூம்புகாருக்குத் தெற்கே உள்ள சின்னங்குடியிலும் தரங்கம்பாடியிலும் அவர்களுக்குப் புது வீடுகள் எழுந்தன. குடியிருக்கப் போகிறவர்களைக் கலந்து பேசி அந்த வீடுகளுக்குத் திட்டம் போட்டவர் பென்னி குரியாகோஸ். பேக்கரிடம் தொழில் கற்றவர் அவர்.

பேக்கரின் முறையில் எச்சரிக்கையும் தேவை. செங்கல் நன்றாக வெந்திருக்க வேண்டும். வேகாத கல் பூச்சில்லாமல் மழை தாங்காது. இந்த வேலை பழகிய கொத்தனார் வேண்டும். இந்த இரண்டிலும் காசைப் பார்த்தால், வீடு போய்விடும்.

கடன் வாங்கி வீடு கட்டி, வட்டி கட்டமுடியாமல் வீட்டையே விற்றவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அஸ்திவாரம் தோண்டும் முன்பு, சொந்த ஊரில் என்ன கிடைக்கிறது என்று ஒரு தடவை சுற்றிப் பார்ப்பது நல்லது. பேக்கர் வாழ்நாள் முழுவதும் செய்தது அதைத்தான்!