வாஷிங்டன் இர்விங் பிஷப்: பிறர் உளமறிந்த ஒருவர் சரிதம்

பிஷப் என்னும் பெயரைக் கண்ட அளவில் நம் கல்லூரி அன்பர் இவரை ஓர் அத்தியட்சர் என எண்ணிவிடுதல் வேண்டா. அஃது இவருடைய குடிப்பெயர். திருச்சபைப் பணிக்கும் இவருக்கும் தொடர்பு யாதும் இல்லை. பிறர் மனத்தில் கருதியதை அவர் வாய் திறவாமலே அறிந்து காட்டும் வித்தையை மேடைக் கலையாக்கி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரும் புகழும் அதனினும் பெரிய பூசலும் விளைத்து, இளமை கழியுமுன் மாண்டவர் இவர். இவர் இறந்த விதத்தை முதலிற் படித்தே யாம் இவர் வரலாற்றைத் தேடலானோம் என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை.

இவர் பிறந்தது 1850களின் இடைப்பகுதியில். அக்காலத்து அமெரிக்காவில், இறந்தோர் ஆவியோடு உரையாட வல்லோம் என்பாருடைய கூட்டங்கள் ஊர்தோறும் மலிந்திருந்தன. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் மைந்தரையும் கணவரையும் இழந்தோர் எண்ணிறந்தோர். அவர்தம் துயரமே இக்கூட்டங்களுக்கு முதலாயிற்று. அன்னா ஈவா ஃபே என்னும் அம்மையார் இத்தொழிலிற் பெயர் பெற்றவர். கட்டுண்ட கைகளோடு அவர் திரை மறைவில் அமர்ந்திருப்பார். உள்ளிருந்து மணி ஒலிக்கும், இசைக்கருவி முழங்கும். ஆவிகளின் செயல் இதுவெனக் கண்டோர் மெய்சிலிர்ப்பர். இளைஞராகிய பிஷப் அவ்வம்மையாரின் குழுவிற் சேர்ந்து பணிபுரிந்தார். திரைக்குப் பின் நிகழ்வதையும் கண்டார். 1876ஆம் ஆண்டில் நியூயார்க்குச் செய்தித்தாள் ஒன்றின் வாயிலாக அவ்வித்தையின் மறைவுகளை வெளிப்படுத்தினார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தார் எனச் சிலர் பழிக்கக்கூடும். மகனைப் பறிகொடுத்த தாய்க்கு மணியோசையை விற்றுப் பொருளீட்டியதை உலகறியச் செய்தது தீங்கென எமக்குத் தோன்றவில்லை. பிறகு அவ்வெளிப்படுத்தலையே தமக்கும் ஒரு தொழிலாக்கிக்கொண்டு மேடையேறினார். கடல் கடந்து இங்கிலாந்தும் சென்றார். ஆவிக் கூட்டங்களை வன்மையாக எதிர்த்தெழுதிய உடலியல் அறிஞர் கார்ப்பென்டர் இவரை ஆதரித்தார்.

ஆயினும் இவர் பெயரை நிலைபெறச் செய்தது பிறிதொரு வித்தை. அதனை இவருக்கு முன் மேடையேற்றியவர் ஜே. ராண்டல் பிரவுன் என்னும் அமெரிக்கர். பிஷப் அவரைக் கண்டே கற்றார் என்பர். வித்தைக்காரர் அவைக்கு வெளியே சென்றிருக்கும்போது அவையோருள் ஒருவர் ஒரு குண்டூசியை எங்கேனும் மறைத்து வைப்பார். வித்தைக்காரர் கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, மறைத்தவரின் கையைப் பற்றி, ஊசி இருக்கும் இடத்தையன்றி வேறொன்றையும் நினைத்தலாகாது எனக் கேட்டுக்கொள்வார். பின்னர் ஒரு கணம் தயங்கி, திடுமென விரைந்து, கை பற்றப்பட்டவரையும் உடன் இழுத்துக்கொண்டு நாற்காலிகளினூடே புகுந்து சென்று, ஊசியை எடுத்து உயர்த்திக் காட்டுவார்.

இதன் உள்ளுறை யாது? ஓரிடத்தை உறுதியாக நினைப்பவனுடைய கை அவ்விடம் நோக்கித் தானும் அறியாமல் சிறிது சாயும், வழி தவறினால் தடுக்கும், நெருங்கினால் தளரும். அச்சிற்றசைவை உணர்ந்து நடப்பவனுக்கு மனத்துள் நுழையவேண்டிய தேவையே இல்லை. பிரவுனை ஆராய்ந்த ஜார்ஜ் பியர்டு என்னும் மருத்துவர் 1877இலேயே இவ்விளக்கத்தை எழுதி, தசையைப் படித்தல் எனப் பெயருமிட்டார். வள்ளுவர் அரசவைக்கு ஒன்றும் காதலர்க்கு ஒன்றுமாகக் குறிப்பறிதலுக்கு இரண்டு அதிகாரம் வகுத்தனர். ஆண்டுப் பேசப்படுவன பெரும்பாலும் முகமும் கண்ணும். கையும் பேசும் என்பதை யாம் விடுதியிலேயே சோதித்தறிந்தோம். பேனாக்கத்தி ஒன்றை மறைத்துவைத்து நண்பர் ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்து நடந்தபோது, முதல் மூன்று முறை நகைப்புக்கே இடமாயினோம். நான்காம் முறை தலையணை உறைக்குள் அதனைக் கண்டெடுத்தோம். நண்பரோ தாம் கையைச் சிறிதும் அசைக்கவில்லை என இன்றளவும் சாதிக்கின்றார். அவர் பொய்யுரைப்பவர் அல்லர். தாம் அசைத்ததை அவர் அறியார்.

1881ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர் நால்வர் பிஷப்பைச் சோதித்தனர். ரோமேனஸ், கால்ட்டன், ரே லாங்கெஸ்டர், குரூம் ராபர்ட்சன் என்போர் அவர். பிஷப் பலமுறை வெற்றி பெற்றார், சிலரிடம் தோற்றார். கை பற்றப்பட்டவர் தம்மையறியாது தரும் குறிப்பே அவரை நடத்துகிறது என அவர்கள் முடிவு கூற, ரோமேனஸ் அதனை நேச்சர் இதழில் வெளியிட்டார். பிஷப்பின் தொடுவுணர்ச்சியையும் அவர்கள் அளந்து பார்த்தனர். அது பிற மனிதருடையதை விஞ்சியதாக இல்லை. இஃது எம் நெஞ்சிற் பதிந்த செய்தி. இயற்கை அவருக்குத் தனி உறுப்பொன்றும் ஈந்திலது. இருந்ததெல்லாம் ஓயாப் பழக்கமும் கூர்ந்த கவனமுமே. அவ்விரண்டையும் கொண்டு அவர் செய்தது அரிய செயல் என ஒப்புதற்குத் தடை யாது?

தடை அவரிடத்தேயே இருந்தது. பிறர் போர்த்திய மறைவைக் கிழித்துப் புகழ் கொண்டவர், தம் வித்தைக்கு ஒரு மறைவைத் தாமே போர்த்தத் தொடங்கினார். ஆவிகளின் துணை தமக்கில்லை என்றார். ஆயினும் தசையசைவு ஒன்றே என்பதோடு அமையவும் அவருக்கு மனமில்லை. அவரிடம் உதவியாளராயிருந்து பின்னர்ப் போட்டியாளராகிய ஸ்டூவர்ட் கம்பர்லண்டு, இது கையைப் படித்தலே எனத் திறந்துரைத்து, அதனால் புகழ் குன்றாது வாழ்ந்தார். அது கண்டும் பிஷப் திருந்தவில்லை. 1883இல் ட்ரூத் இதழின் ஆசிரியரும் பாராளுமன்ற உறுப்பினருமாகிய லபூஷெர், ஒரு பணத்தாளின் எண்ணை உளமறிந்து கூறினால் 1,000 பவுன் தருவதாக அறைகூவினார். பந்தயத்தின் விதிகளைப் பற்றிய வழக்காடலே மிஞ்சியது. மாயவித்தை வல்லுநர் மாஸ்கெலின் என்பார் மீது பிஷப் எழுதிய பழிமொழிகள் அவதூறு வழக்காக முடிந்தன. 10,000 பவுன் இழப்பீடு எனத் தீர்ப்பாயிற்று. இவர் அதனைச் செலுத்தாது இங்கிலாந்தை விட்டகன்றார். இப்பகுதியை விரித்தெழுத எமக்கு மனமில்லை.

அமெரிக்காவிற்கு மீண்ட பின் இவர் காட்டிய வித்தைகள் முன்னவற்றினும் வியப்பானவை. கண்ணைக் கட்டிக்கொண்டு, குதிரை வண்டியைத் தாமே ஓட்டி, நெருக்கமான நகரத் தெருக்களினூடே சென்று, மறைத்த பொருளை எடுத்தார். ஆனால் வித்தை முடிந்ததும் உடல் விறைத்து உணர்விழந்து வீழ்தலும் வழக்கமாயிற்று. அந்நிலையில் இவர் இறந்தார் போலவே கிடப்பார். இது மேடைக்காக நடித்ததன்று. இவருக்கு இருந்த நோய்.

1889 மே 12ஆம் நாள் இரவு, நியூயார்க்கில் நடிகர் பலர் கூடும் லாம்ப்ஸ் கழகத்திற்கு இவர் விருந்தினராகச் சென்றார். அங்கிருந்தோர் வேண்ட, கழகப் பதிவேட்டில் ஒருவர் நினைத்த பெயரைக் கண்டுபிடித்துக் காட்டினார். உடனே சோர்ந்து வீழ்ந்தார். தெளிந்ததும் மீண்டும் செய்வேன் என வற்புறுத்தினார், மீண்டும் வீழ்ந்தார். அருகிருந்த மருத்துவர்கள் இரவெல்லாம் முயன்றனர். மறுநாள் நண்பகலையொட்டி உயிர் நீங்கிற்று எனத் துணிந்தனர். அன்று மாலைக்குள் பிரேதப் பரிசோதனையும் நடந்து முடிந்தது. தலையோட்டைத் திறந்து மூளையை எடுத்து நோக்கினர். அவருடைய ஆற்றலுக்குக் காரணமாகத்தக்கது ஒன்றும் அதில் காணப்படவில்லை. எட்டு ஆண்டுகட்கு முன்பே இலண்டனில் அச்சேறிய விடையை அவர்கள் படித்திருப்பின், தேடவேண்டிய இடம் அவர் தலையன்று, அவர் பற்றிய பிறர் கை என அறிந்திருப்பர்.

தாயார் எலினார் பிஷப் வந்து சேர்ந்தபோது மகன் பிணப்பெட்டியிற் கிடந்தார். தலைமயிரைக் கோதிவிட முயன்றபோதே வெட்டுண்ட வடு தெரிந்தது என்று சொல்லப்படுகிறது. மயங்கிக் கிடந்த என் மகனை உயிரோடு அறுத்துவிட்டனர் என அவ்வம்மையார் கதறினார். மயக்க நிலையில் தம்மை அறுத்தலாகாது எனக் குறித்த தாளொன்றை மகன் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருந்தார் என்றும் கூறினார். அத்தகைய தாள் எதையும் கண்டிலோம் என்றனர் மருத்துவர். வழக்கு நடந்தது, மருத்துவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. அவர் உண்மையில் இறந்த பின்னரே அறுக்கப்பட்டார் என மருத்துவர் கூறியதை மறுக்கப் போதிய சான்று எமக்குக் கிட்டவில்லை. ஆயினும் இறந்தார் போலக் கிடப்பது வழக்கமென அறியப்பட்ட ஒருவர் திறத்தில் ஓரிரவு பொறுத்திருந்தால் யாருக்கு என்ன குறை நேர்ந்திருக்கும்?

பிஷப்பின் உடல் புரூக்ளின் கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. மகன் உயிரோடு அறுக்கப்பட்டான் என்பதை நூலாகவும் எழுதி வெளியிட்ட தாயார், அக்கருத்தை இறுதிவரை விட்டாரில்லை.