கணக்குக் கேட்ட சான்றோர்

சோழ வளநாட்டுத் திருவையாற்றில் 1855ஆம் ஆண்டு தோன்றியவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். பள்ளி ஆசிரியராய் விளங்கிய அவர், 1878இல் நண்பர் ஐவருடன் கூடி 'இந்து' என்னும் ஆங்கில இதழையும், 1882இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் இதழையும் தொடங்கினார்.

அந்நாளில் நாட்டின் வரவு செலவை வகுத்தவர் ஆங்கிலேயரே. 1892ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப்பற்றிச் சட்டசபையில் பேச இடந்தந்ததேயன்றி, வாக்களிக்க இடந்தரவில்லை. இராமேசுவரக் கரையில் வலை வீசுவோர் தம் கஞ்சியில் இட்ட உப்புக்கும் வரி இறுத்தனர். குடிகளின் வரிப்பணத்தில் ஒரு பகுதி எல்லைக்கு அப்பால் நிகழ்ந்த போர்களுக்குச் செலவாயிற்று.

இந்திய ஆட்சியை ஆராய ஓர் ஆணைக்குழு வேண்டும் என்னும் தீர்மானத்தை, 1885இல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரசில் முன்மொழிந்தவர் ஐயரே. பத்தாண்டு கழித்து, இந்தியச் செலவினை ஆராய வெல்பி பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. கடல் கடத்தலை வைதிகர் குற்றமெனக் கருதிய காலம் அது. எனினும் ஐயர் 1897இல் இலண்டன் சென்று, கோகலே, வாச்சா முதலியோரைப் போலவே அக்குழுவின்முன் குடிகளின் வறுமையை எடுத்துரைத்தார். 1900இல் வெளிவந்த அறிக்கையால் பெருஞ்சுமை நீங்கவில்லை. ஆயினும் ஐயர் சோர்ந்தாரல்லர். 1908இல் சிறைப்பட்ட அவர், 1916இல் மறைந்தார்.

மாணவர்களே! இன்று அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை நாடாளுமன்றக் குழுக்கள் ஆராய்கின்றன, மக்களவை வாக்களிக்கின்றது. வரி இறுப்போர்க்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டென அந்நாளிலேயே வாதாடிய அச்சான்றோரை நாம் மறவாதிருப்போமாக.