மீனுக்கு முன்னால் மீனவரின் கடனைப் பார்த்தவர்: யார் இந்த ஃபிரெடரிக் நிக்கல்சன்?

முத்தாபுதுப்பேட்டையில் கடல் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கராவும் நெத்திலியும் தெருவுக்கே வந்துவிடும். பேரம் பேசி வாங்குகிறோம், சரி. நாம் கொடுக்கும் காசில், அந்த மீனைப் பிடித்தவர் கைக்கு எவ்வளவு போகிறது? நூறு வருடத்துக்கு முன்பே இந்தக் கேள்வியை அரசின் வேலையாக மாற்றியவர் ஒருவர் உண்டு. டிஎன்பிஎஸ்சி-க்குப் படித்தவர்களுக்குக் கூட்டுறவுப் பாடத்தில் அறிமுகமான பெயர்தான்: சர் ஃபிரெடரிக் நிக்கல்சன். நம் மீன்வளத் துறையின் தொடக்கமும் அவர்தான் என்பது பலருக்குத் தெரியாது.

பஞ்சம் பார்த்த அதிகாரி

நிக்கல்சன் பிறந்தது 1846-ல். ஐசிஎஸ் அதிகாரியாக 1869-ல் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1876-78 பெரும்பஞ்சம் தாக்கியபோது அவர் இளம் அதிகாரி. 1887-ல் வெளியான கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவரும் அவரே. கிணறு, பயிர், வரி என்று ஊர் ஊராகத் தகவல் திரட்டும் வேலை அது.

விவசாயியின் கழுத்தைப் பிடித்திருந்தது கடன். ஐரோப்பாவில் கிராமக் கடன் வங்கிகள் எப்படி இயங்குகின்றன என்று ஆராயும் பொறுப்பை 1892-ல் மாகாண அரசு அவரிடம் கொடுத்தது. 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாக அறிக்கை வந்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் உருவாக்கிய முறைதான் அவருக்குப் பிடித்திருந்தது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து சங்கம் வைக்க வேண்டும், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்க வேண்டும். சொத்து இல்லாதவருக்கும் நல்ல பெயர் இருந்தால் பணம் கிடைக்கும்.

1904-ல் வந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு இந்த அறிக்கை முக்கியமான அடித்தளம். அந்தச் சட்டத்தில் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவானது எங்கே தெரியுமா? நம் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில், 1904 ஆகஸ்ட் 30 அன்று. அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம்.

கடற்கரைக்கு ஏன் போனார்?

அறுபதை நெருங்கும் வயதில், 1905-ல் மீன்பிடி பற்றி ஆராயும் சிறப்புப் பணி அவரிடம் வந்தது. மலிவான சத்துணவு கடலில் இருக்கிறது, மக்களோ பட்டினி கிடக்கிறார்கள் என்ற கவலைதான் இதற்குப் பின்னணி. ஜப்பானுக்குப் போனார். அங்கே சிறு மீனவர்கள் சங்கமாகச் சேர்ந்து தொழில் செய்வதைப் பார்த்து 1907-ல் ஒரு குறிப்பு எழுதினார். அதே ஆண்டு சென்னை மாகாண மீன்வளத் துறை தொடங்கியது. இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். பிறகு கௌரவ இயக்குநராக 1918 வரை அதை நடத்தினார்.

கரையில் அவர் பார்த்தது பழைய கதைதான். வலை வாங்க முன்பணம் தேவை. முன்பணம் கொடுத்தவருக்கே மீனை விற்க வேண்டும், விலையையும் அவரே வைப்பார். அதற்கு மேல் உப்பு வரி. வரி கட்டிய உப்பை வாங்கி மீனைப் பதப்படுத்தினால் கட்டுப்படியாகாது. அரசு நடத்திய உப்பிடும் கிடங்குகளில் மட்டும் சலுகை விலையில் உப்பு கிடைத்தது.

தானூரில் என்ன செய்தார்?

மலபார் கரையில் மத்தி கூட்டம் கூட்டமாக வரும் காலத்தில் விலை படுத்துவிடும். மிஞ்சியதைக் கரையில் காயப்போட்டு உரமாக விற்பார்கள், நிறைய அழுகிப் போகும். தானூரில் அரசு சோதனை நிலையம் அமைத்து, மத்தியைப் புதிதாகவே வேகவைத்துப் பிழிந்து, எண்ணெயைத் தனியாகவும் உரத்தைத் தனியாகவும் எடுக்கும் முறையை நிக்கல்சன் காட்டினார். அண்டாவும் பிழியும் கருவியும் இருந்தால் போதும், பெரிய முதலீடு வேண்டாம். கரையோரத்தில் இப்படி நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் முளைத்தன. மீனவர்களே கூட்டாகச் சேர்ந்து நடத்திய ஆலைகளும் அவற்றில் உண்டு.

அவருடைய அணுகுமுறை இதில் தெரிகிறது. பெரிய நீராவிக் கப்பல்களை எடுத்த எடுப்பிலேயே இறக்கினால் லாபம் முதலாளிக்குப் போகும், கரையில் இருப்பவர் கூலியாவார். அதனால் மீனவர் கையில் இருப்பதிலிருந்து ஆரம்பித்து, படிப்படியாக மேலே போக வேண்டும் என்று அவர் கருதினார்.

அவருக்குப் பிறகு?

1918-ல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஹார்னெல் சங்கு குளித்தலையும் கட்டுமரம் உள்ளிட்ட படகு வகைகளையும் விரிவாக ஆவணப்படுத்தினார். துறையில் இருந்த வி. கோவிந்தன் மேற்குக் கரையில் மீனவர் பள்ளி, கூட்டுறவுச் சங்கம் என்று வேலை செய்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு பாதை மாறியது. 1953-ல் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம், இறால் ஏற்றுமதி, விசைப்படகு என்று வேகம் பிடித்தது. உற்பத்தி கூடியது, கூடவே சண்டையும் வந்தது. நாட்டுப்படகுக்காரர்களின் வலைகளை இழுவைப்படகுகள் அறுத்தன. மோதல் முற்றிய பிறகுதான் 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இப்போது நடைமுறையில் இருக்கிறது.

அவர் ஜெயித்தாரா?

பாதிதான். விவசாயத்தில் வேர் பிடித்த கடன் சங்கம் கடற்கரையில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. வலை கிழிந்தாலும், வீட்டில் கல்யாணம் என்றாலும், ராத்திரி கதவைத் தட்டினால் வியாபாரி பணம் தருவார். சங்கம் மனு கேட்கும், தவணை நாள் குறிக்கும். கடலோ தவணை பார்த்து மீன் தராது. தவிர, நிக்கல்சன் காலனி அரசின் அதிகாரி. உப்புக்கு வரி போட்டதும் அதே அரசுதான். அதை அவரால் மாற்ற முடியவில்லை.

அவர் 1936-ல் மறைந்தார். சிறு மீனவர்களுக்கான உலக வழிகாட்டு நெறிகளை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2014-ல்தான் ஏற்றது. கடல் வளமும் மீனவர் வாழ்வுரிமையும் ஒரே விஷயம் என்பதே அதன் சாரம்.

இன்று பொன்னேரி மீன்வளக் கல்லூரியிலோ வேறு எங்கோ இந்தத் துறையில் சேர நினைப்பவர்களுக்கு நிக்கல்சன் விட்டுச்சென்ற வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. தடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கு வாங்கிய கடனை அடைக்க, கடல் திறந்ததும் கிடைத்ததையெல்லாம், குஞ்சு மீனையும் சேர்த்து, வாரிக்கொண்டு வர வேண்டிய நெருக்கடி ஒருவருக்கு வந்தால், எந்த விதியும் அவரைத் தடுக்காது. மீன் இருப்பைக் கணக்கிடும் ஆய்வு, அந்தக் கடன் கணக்கையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.