மெய் காத்த மருத்துவர்

தமிழில் மெய் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று உடல், மற்றொன்று உண்மை. முதல் மெய்யைக் காப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் மருத்துவர்கள். அந்தத் தொழிலில் புகழின் உச்சியில் இருந்தபோது, இரண்டாவது மெய்க்காக வருமானம், மதிப்பு, நண்பர்கள் என அனைத்தையும் இழக்கத் துணிந்த ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்கத்தாவில் வாழ்ந்தார். அவரே டாக்டர் மகேந்திரலால் சர்க்கார்.

'ஸ்ரீராமகிருஷ்ணரின் அமுதமொழிகள்' நூலைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. குருதேவரின் இறுதி நோயின்போது சிகிச்சை அளித்தவர், பக்தர்களுடன் ஓயாமல் வாதிட்டவர் என்ற அளவில் அவரை நாம் அறிவோம். ஆனால் அவர் குருதேவரின் படுக்கையருகே வந்து அமர்வதற்கு முன்பே ஒரு பெரும் சோதனையைக் கடந்து வந்தவர்.

அன்னையை இழந்த சிறுவன்

1833-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், கல்கத்தாவை அடுத்த ஹௌரா மாவட்டத்தின் பாய்க்பாரா கிராமத்தில் மகேந்திரலால் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். அன்னை தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கல்கத்தாவில் இருந்த சகோதரர்களின் வீட்டிற்கு வந்தார். சில ஆண்டுகளில் அன்னையும் மறைந்தார். தாய்மாமன்களின் அரவணைப்பே சிறுவனுக்கு மிஞ்சியது.

ஹேர் பள்ளியில் கட்டணமில்லா மாணவராகச் சேர்ந்த அவர், கல்வி உதவித்தொகை பெற்று 1849-இல் இந்துக் கல்லூரியில் இடம் பெற்றார். இலக்கியமும் தத்துவமும் அங்கே தாராளமாகக் கிடைத்தன. அவரது மனமோ இயற்கையின் விதிகளை அறியத் துடித்தது. அந்நாளில் அறிவியலை முறையாகக் கற்க வேண்டுமானால் மருத்துவக் கல்லூரியைத் தவிர வேறு வழி இல்லை. எனவே 1854-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மாணவராக இருந்தபோதே ஒளியியல் பற்றிச் சக மாணவர்களுக்குச் சொற்பொழிவாற்றும்படி ஆசிரியர்கள் அவரைக் கேட்டுக்கொண்டனர் என்பதிலிருந்து அவரது அறிவின் ஆழம் விளங்கும். 1863-இல் மருத்துவத்தின் மிக உயர்ந்த பட்டமான எம்.டி. பட்டத்தைப் பெற்றார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அதற்கு முன்பு அந்தப் பட்டத்தைப் பெற்றிருந்தவர் ஒரே ஒருவர்தாம்.

எதிர்த்தவர் சோதிக்கிறார்

அதே 1863-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளை தொடங்கப்பட்டது. அதன் தொடக்கக் கூட்டத்தில் இளம் டாக்டர் சர்க்கார் உரையாற்றினார். ஹோமியோபதியைப் போலி மருத்துவம் என்று அந்த உரையில் கடுமையாகச் சாடினார். ஆங்கிலேய மருத்துவர்கள் மகிழ்ந்தனர். சங்கத்தின் செயலாளர் பொறுப்பும் பின்னர் துணைத்தலைவர் பதவியும் அவரைத் தேடி வந்தன.

ஹோமியோபதி என்பது ஜெர்மானியரான சாமுவேல் ஹானிமன் 1796-இல் முன்வைத்த முறை. நலமாக இருப்பவரிடம் ஒரு நோயின் அறிகுறிகளை எந்தப் பொருள் தோற்றுவிக்கிறதோ, அந்தப் பொருளையே மிக மிக நுண்ணிய அளவில் கொடுத்தால் அந்த நோய் தீரும் என்பது அதன் அடிப்படை. கல்கத்தாவில் அதைப் பரப்பியவர் ராஜேந்திரலால் தத்தர் என்ற செல்வந்தர். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். நோயாளிகளுக்குக் கட்டணமின்றி மருந்து கொடுப்பதை ஒரு தொண்டாகச் செய்து வந்தார். பண்டிதர் ஈசுவர சந்திர வித்யாசாகரை வாட்டி வந்த தலைவலி அவரது சிகிச்சையில் தணிந்தது ஊரறிந்த செய்தியாக இருந்தது. மகேந்திரலாலின் உரையைப் பற்றி அறிந்த தத்தர் அவரை அணுகி, ஹோமியோபதியின் பெருமையை எடுத்துரைத்துப் பார்த்தார். பயனில்லை.

அந்த நேரத்தில் ஒரு நண்பர், வில்லியம் மார்கன் என்பவர் ஹோமியோபதியின் தத்துவத்தைப் பற்றி எழுதிய நூலைக் கொடுத்து, பத்திரிகைக்கு மதிப்புரை எழுதுமாறு வேண்டினார். அந்த நூலைச் சின்னாபின்னமாக்கி விடலாம் என்று எண்ணியே மகேந்திரலால் அதைக் கையில் எடுத்தார். படிக்கப் படிக்க ஓர் ஐயம் எழுந்தது. கண்ணால் பார்த்து ஆராயாத ஒன்றைப் பொய் என்று தீர்ப்பளிக்கத் தமக்கு என்ன உரிமை உண்டு?

இந்தக் கேள்வி அவரைத் தத்தரின் நோயாளிகளிடம் அழைத்துச் சென்றது. நோயாளிகளை நேரில் கண்டு குறிப்பெடுத்தார். மருந்தால்தான் குணமாகிறதா, உணவுக் கட்டுப்பாட்டால் குணமாகிறதா என்று அறிய, சிலருக்கு மருந்தே கொடுக்காமல் பத்தியம் மட்டும் வைத்துப் பார்க்கச் சொன்னார். சிலர் பத்தியத்திலேயே தேறினர். மற்றவர்கள் மருந்து கொடுத்த பிறகு தேறியதாக அவர் கண்டார். தாம் இகழ்ந்ததை ஏற்றாக வேண்டும் என்ற முடிவுக்கு மெல்ல மெல்ல வந்தார்.

1867 பிப்ரவரி 16

மனத்திற்குள் ஏற்றுக்கொண்டு வெளியில் மௌனமாக இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மகேந்திரலால் அதற்கு உடன்படவில்லை. எந்தச் சங்கத்தில் ஹோமியோபதியைப் பழித்தாரோ, அதே சங்கத்தின் நான்காவது ஆண்டுக் கூட்டத்தில், 1867 பிப்ரவரி 16 அன்று, மருத்துவ அறிவியலின் உறுதியின்மை குறித்தும் நோய்க்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பு குறித்தும் ஒரு கட்டுரை படித்தார். அன்றைய மருத்துவத்தின் குறைகளை எடுத்துக் காட்டினார். ஹானிமனின் கருத்தில் உண்மை இருப்பதாகத் தாம் கண்டதை வெளிப்படையாக அறிவித்தார்.

அரங்கம் கொந்தளித்தது. மூத்த ஆங்கிலேய மருத்துவர்கள் சீறினர். அந்த உரையுடன் சங்கத்தில் அவரது மதிப்பும் இடமும் போயின. மருத்துவப் பத்திரிகைகள் அவரது எழுத்துகளுக்கு இடமளிக்கவில்லை. படித்தவர்கள் அவரது அறிவு கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டனர். நகரத்தின் தலைசிறந்த மருத்துவர்களுள் ஒருவராக இருந்தவரின் வாசலுக்கு மாதக்கணக்கில் நோயாளிகள் வருவதே அரிதாகிவிட்டது.

தாய் தந்தையின்றி வளர்ந்து, சொந்த முயற்சியால் கட்டிய வாழ்வு ஒரே மாலையில் சரிந்தது. பழைய முறைக்குத் திரும்புவதாக ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் மீண்டிருக்கும். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. தம் கட்டுரைகளை வெளியிட இடமில்லாதபோது, 1868 ஜனவரியில் 'கல்கத்தா ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மாத இதழைத் தாமே தொடங்கினார்.

காலப்போக்கில் நோயாளிகள் திரும்பினர். வங்காளத்தின் முன்னணி ஹோமியோபதி மருத்துவராக அவர் விளங்கினார். ஆயினும் பகை முற்றிலும் ஓயவில்லை. 1878-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் அவரை மருத்துவப் பிரிவில் உறுப்பினராக்கியபோது, பிற மருத்துவர்கள் அவருடன் சேர்ந்து அமர மறுத்தனர். அவர்களுக்கு அவர் விரிவாக எழுத்து மூலம் பதிலளித்தார். அவரது வாதம் எளிமையானது: ஒருவர் கற்ற மருத்துவ அறிவு, அவர் வேறொரு முறையையும் ஆராய்ந்து ஏற்றதால் அழிந்துவிடாது.

தொண்டும் துணிவும்

செல்வர்களிடம் கட்டணம் பெற்ற அவர், ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்தார். தேவ்கர் என்னும் வைத்தியநாதத் தலத்தில் தொழுநோயாளர்களுக்காக ஓர் இல்லம் எழப் பொருளுதவி செய்தார். அந்த இல்லத்திற்கு அவரது மனைவியின் பெயரே அமைந்தது. அது ராஜகுமாரி தொழுநோயாளர் இல்லம் என வழங்கப்பட்டது. தொழுநோயாளர்களை ஊரே ஒதுக்கி வைத்த காலம் அது.

சமுதாயத்தின் நோய்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பெண்களின் திருமண வயதைப் பற்றிக் கேசவ சந்திர சேனர் 1871-இல் மருத்துவர்களின் கருத்தைக் கேட்டபோது, குறைந்தது பதினாறு வயதாவது நிறைந்திருக்க வேண்டும் என்று மகேந்திரலால் தெரிவித்தார். குழந்தைத் திருமணமே வழக்கமாக இருந்த நாளில் இப்படிச் சொல்லவும் துணிவு வேண்டியிருந்தது.

அறிவியலுக்கு ஓர் ஆலயம்

ஒரு கருத்து உண்மையா என்று தீர்மானிக்கச் சோதனையே துணை என்பதைத் தம் வாழ்வில் கண்டவர் அவர். இந்தியர்கள் தாங்களே சோதனை செய்து உண்மையைக் கண்டறிய ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அவருள் வளர்ந்தது. 1869-இல் தம் இதழில் அதைப் பற்றி எழுதினார். பின்னர் பொருளுதவி வேண்டி மன்னர்களின், ஜமீன்தார்களின் வாசல்களை நாடினார்.

வயிற்றுப்பிழைப்புக்கு உதவும் தொழிற்கல்விக் கூடமே நாட்டுக்குத் தேவை என்று ஒரு சாரார் வாதிட்டனர். அடிப்படை அறிவியல் வேரூன்றாமல் தொழில்கள் தழைக்கா என்று மகேந்திரலால் உறுதியாக நின்றார். வித்யாசாகர் போன்றோர் துணைநின்றனர். 1876 ஜூலை 29 அன்று பௌபஜார் தெருவின் 210-ஆம் எண் இல்லத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் உதயமாயிற்று. பாதிரியார் லாஃபோன் அங்கே இயற்பியல் விரிவுரைகள் ஆற்றினார். ஜகதீச சந்திர போஸும் ஆசுதோஷ் முகர்ஜியும் அங்கே உரையாற்றினர். மகேந்திரலாலும் நோயாளிகளைப் பார்த்து முடித்த நேரங்களில் அறிவியல் கற்பித்தார்.

சியாம்புகூர் இல்லத்தில்

1885-ஆம் ஆண்டு, தொண்டைப் புற்றுநோயால் அவதியுற்ற ஸ்ரீராமகிருஷ்ணர் சிகிச்சைக்காகச் சியாம்புகூரில் ஒரு வாடகை வீட்டிற்கு அழைத்து வரப்பட்டார். மருத்துவராக மகேந்திரலால் வந்தார். செலவுகளைப் பக்தர்கள் பகிர்ந்து கொள்கிறார்கள் என்பதை அறிந்ததும், இனிக் கட்டணம் பெறுவதில்லை என்று கூறிவிட்டார்.

நோயாளி அதிகம் பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவரும் அவரே. வந்தால் மணிக்கணக்கில் அமர்ந்து அந்த நோயாளியைப் பேச வைத்தவரும் அவரே. மற்ற நோயாளிகள் காத்திருக்க, அவரது நாட்களின் பெரும்பகுதி அந்த அறையிலேயே கழிந்தது.

அவதாரக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. மனிதனை இறைவன் என்று வணங்குவது தவறு என்று கிரீஷ் சந்திரரிடமும் நரேந்திரரிடமும் நேருக்கு நேர் வாதிட்டார். குருதேவர் சமாதி நிலையில் ஆழ்ந்தபோது கருவியை வைத்து இதயத் துடிப்பைச் சோதித்தார்; உடனிருந்த மற்றொரு மருத்துவர் கண்மணியை விரலால் தொட்டுப் பார்த்தார். கண் இமைக்கவில்லை. புற உணர்வற்ற அந்த நிலைக்கு மருத்துவ அறிவால் விளக்கம் கூற இயலவில்லை என்பதை மகேந்திரலால் ஒளிக்கவில்லை. அதற்காகத் தமக்கு இல்லாத நம்பிக்கையை இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

இந்த நேர்மையையே குருதேவர் விரும்பினார். தம் கொள்கையை மறுத்த அந்த மருத்துவரிடம் அவர் காட்டிய அன்பு, அங்கிருந்த பக்தர்களுக்கே ஒரு பாடமாக அமைந்தது. மகேந்திரலாலும் குருதேவரின் உண்மைப் பற்றிலும் குழந்தையுள்ளத்திலும் மனத்தைப் பறிகொடுத்தார். பின்னர் காசிப்பூர் தோட்ட வீட்டிலும் சிகிச்சை தொடர்ந்தது. மகேந்திரலாலை ஹோமியோபதிக்கு அழைத்து வந்த ராஜேந்திரலால் தத்தரும் அங்கே வந்து மருந்து அளித்தார்.

1886 ஆகஸ்ட் 16 அன்று நண்பகல் கடந்து மகேந்திரலால் வந்து பார்த்தார். உயிர் பிரிந்துவிட்டது என்று உறுதி செய்தார். புகைப்படம் எடுத்து வைக்குமாறு கூறி, அதற்காகப் பத்து ரூபாயும் கொடுத்தார். அவதாரம் என்று ஏற்காதவர் அளித்த அந்தப் பணத்தின் பயனைப் பக்தர்கள் இன்றளவும் பெற்று வருகிறார்கள்.

விதைத்தவர் காணாத விளைச்சல்

இறுதி ஆண்டுகளில் மகேந்திரலாலின் மனத்தில் ஒரு வருத்தம் இருந்தது. விஜயநகரம் மன்னரின் கொடையால் ஆய்வுக்கூடம் எழுந்திருந்தது, கருவிகள் இருந்தன. ஆனால் வாழ்வையே ஆராய்ச்சிக்கு அர்ப்பணிக்கும் இளைஞர்கள் வரவில்லை. தம் உழைப்பு வீணாயிற்றோ என்ற கவலையுடனேயே 1904 பிப்ரவரி 23 அன்று அவர் மறைந்தார்.

மூன்றே ஆண்டுகள் கழிந்தன. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்து, நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவிற்கு வந்த பதினெட்டு வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் 1907-இல் அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தார். தந்தைக்குப் பின் கழகத்தை நடத்தி வந்த அமிர்தலால் சர்க்கார் அவரை ஆவலுடன் வரவேற்றார். காலையிலும் மாலையிலும் அலுவலக நேரம் போக அங்கேயே ஆராய்ந்த அந்த இளைஞர்தாம் சர் சி.வி. ராமன். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு அங்கே கண்டறியப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு வந்தது. அந்த ஆய்வில் துணைநின்ற வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன், பின்னாளில் அதே கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பெயரில் அமைந்த பேராசிரியர் பதவியை ஏற்றார்.

சோதனைக்கு அஞ்சாத வாழ்வு

மகேந்திரலால் ஏற்றுக்கொண்ட மருத்துவ முறையைப் பற்றி இன்றைய அறிவியல் என்ன கூறுகிறது? இந்தியாவில் ஹோமியோபதிக்கு 1973-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பு கிடைத்தது. கோடிக்கணக்கானோர் அதை நாடுகின்றனர். மறுபுறம், எந்த நோய்க்கும் அது பயன் தருவதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் முடிவு கூறியது. அவர் காலத்து ஆங்கில மருத்துவம் இரத்தத்தை வடித்தது; அட்டைகளைக் கடிக்க விட்டது; பாதரச மருந்துகளை அள்ளிக் கொடுத்தது. அந்தக் கொடுமைகள் இல்லாத மென்மையான சிகிச்சையில், இயற்கையே பலரைத் தேற்றியிருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

இதனால் மகேந்திரலாலின் பெருமை குறைகிறதா? இல்லை. பத்தியத்தால் குணமா, மருந்தால் குணமா என்று பிரித்துப் பார்க்க முயன்ற அவரது கேள்வியைத்தான் இன்றைய மருத்துவ ஆய்வுகள் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துக் கேட்கின்றன. தம் நம்பிக்கையையும் நாளை பிறர் சோதிக்கட்டும் என்பதற்கான கூடத்தை அவரே கட்டி வைத்துச் சென்றார்.

நமது முடிவுகளில் சில தவறாக இருக்கலாம். கண்டதை மறைக்காமல் சொல்லும் துணிவும், காணாததைக் கண்டதாகச் சொல்லாத நேர்மையும் இருந்தால் உண்மையை நோக்கிய பயணம் தடைபடாது. சங்கத்தின் சினத்திற்கு அஞ்சி 1867-இல் மகேந்திரலால் உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. தாம் நேசித்த குருதேவரின் அருகில் அமர்ந்தபோதும், அன்பின் பொருட்டுத் தாம் நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்லவில்லை. இரண்டு மெய்களுக்கும் தொண்டு செய்த அந்த மருத்துவரின் வாழ்வு நமக்குத் தரும் மருந்து இதுவே.