ழான் ஜெர்சோன்

ழான் ஜெர்சோன் (டிசம்பர் 1363 – ஜூலை 12, 1429) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கத்தோலிக்க குருவும் இறையியலாளரும் மறையுரையாளரும் ஆவார். 1395 முதல் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கினார். மேற்குலகத் திருச்சபையில் இரண்டும் மூன்றும் திருத்தந்தையர் ஒரே நேரத்தில் உரிமை கோரிய பெரும் சமயப்பிளவை (1378–1417) முடிவுக்குக் கொண்டுவர உழைத்தவர்களுள் முதன்மையானவர். இறைவனிடமிருந்து காட்சியோ இறைவாக்கோ பெற்றதாகக் கூறுவோரை எவ்வாறு ஆராய்ந்து தெளிவது என்பது பற்றி இவர் எழுதிய நூல்கள் பல நூற்றாண்டுகள் பயன்பட்டன. ஜோன் ஆஃப் ஆர்க் பற்றி இவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட குறுநூல் ஒன்றும் இவருடையதாகக் கருதப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

இவருடைய இயற்பெயர் ழான் சார்லியே. பிரான்சின் வடகிழக்கே ஷம்பாஞ் பகுதியில் ரெத்தேல் நகருக்கு அருகில் இருந்த ஜெர்சோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஊரின் பெயரே பிற்காலத்தில் இவர் பெயராயிற்று. அவ்வூர் இன்று இல்லை. பெற்றோருக்குப் பிறந்த பன்னிரண்டு குழந்தைகளுள் இவரே மூத்தவர். குடும்பம் எளியது, இறைப்பற்று மிக்கது.

1377-ஆம் ஆண்டு பாரிசுக்குச் சென்று நவார் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு இறையியல் பயிற்றுவித்த பியேர் தாயி இவருக்கு ஆசிரியராகவும் பின்னர் வாழ்நாள் நண்பராகவும் அமைந்தார். 1395-இல் பியேர் தாயி ஆயராக உயர்த்தப்பட்டபோது, அவர் வகித்துவந்த வேந்தர் பதவி ஜெர்சோனுக்கு வழங்கப்பட்டது. அக்காலத்தில் வேந்தர் என்பவர் நோத்ருதாம் பேராலயத்தைச் சார்ந்த அதிகாரி. கற்பிப்பதற்கான உரிமத்தைப் பல்கலைக்கழகத்தினருக்கு வழங்குவது அவருடைய பொறுப்பு. ஆதலால், எது சரியான போதனை என்று தீர்ப்பதில் அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

காலச்சூழல்

அவிஞ்ஞோன் நகரில் தங்கியிருந்த திருத்தந்தையர் உரோமைக்குத் திரும்ப வேண்டும் என்று சுவீடன் நாட்டு பிரிசித்தா, சியன்னா நகர கத்தரீனா ஆகிய இருவரும் இறைவனின் பெயரால் வலியுறுத்திவந்தனர். திருத்தந்தை பதினோராம் கிரகோரி 1377-இல் உரோமைக்குத் திரும்பி, 1378 மார்ச்சு மாதம் அங்கேயே இறந்தார். அதே ஆண்டில் முதலில் ஆறாம் அர்பனும், சில மாதங்களுக்குப் பின் அவருக்கு எதிராக ஏழாம் கிளமெண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். திருச்சபை இரண்டாகப் பிரிந்தது.

பிளவின் இரு தரப்பிலும் புனிதர்களாகப் போற்றப்பட்டோர் இருந்தனர். கத்தரீனா உரோமைத் தரப்பை ஆதரித்தார். வின்சென்ட் பெரர் அவிஞ்ஞோன் தரப்பை ஆதரித்தார். ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் இறைவன் பெயரால் கூறப்பட்டன. ஜெர்சோன் கல்வி கற்றதும் பதவி வகித்ததும் இந்தக் குழப்பத்தின் நடுவிலேயே. இறைவாக்குகளைச் சோதித்தறிவது இவருக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. திருத்தந்தை யார், போர் யாருடன், பொதுமக்கள் யாரை நம்புவது ஆகியன அதனுடன் பிணைந்திருந்தன.

விவிலியத்தில் இதற்கு இரண்டு அடிப்படைகள் உள்ளன. யோவானின் முதல் திருமுகத்தின் நான்காம் அதிகாரம் எல்லா ஆவிகளையும் நம்பிவிடாமல் சோதித்தறியச் சொல்கிறது. பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகம் இறைவாக்கை இகழக் கூடாது என்றும், ஆனால் அனைத்தையும் ஆராய்ந்து நல்லதைக் கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. நம்பிவிடும் அவசரம், இகழ்ந்துவிடும் அவசரம் ஆகிய இரண்டுக்கும் இடையில் வழி காண்பதே ஜெர்சோனின் முயற்சியாக அமைந்தது.

பொற்காசு உவமை

ஜெர்சோன் 1399 முதல் 1400 வரை பிளாண்டர்சு பகுதியிலுள்ள புரூஜ் நகரில் தங்கியிருந்தார். அங்கிருந்து திரும்பிய காலத்தை ஒட்டி, உண்மையான காட்சிகளைப் பொய்யானவற்றிலிருந்து பிரித்தறிவது பற்றிய இலத்தீன் நூலை எழுதினார். அதில் இறைவெளிப்பாட்டைப் பொற்காசுக்கு ஒப்பிட்டார். நாணயமாற்று வணிகர் காசு நல்லதா கள்ளக்காசா என்று ஐந்து வகையில் பார்ப்பதுபோல, வெளிப்பாட்டையும் ஐந்து பண்புகளால் சோதிக்கலாம் என்றார்:

* எடை: காட்சி பெற்றவரின் தாழ்மை. தம்மைப் பற்றிய பெருமிதம் தெரிந்தால் காசு எடை குறைந்தது.
* வளையும் தன்மை: பிறர் அறிவுரையை ஏற்கும் விவேகம்.
* உறுதி: துன்பத்திலும் எதிர்ப்பிலும் நிலைக்கும் பொறுமை.
* அச்சு: உண்மை. மறைநூலுக்கு முரணாக ஏதும் இருத்தல் ஆகாது; முன்னுரைத்தது பொய்க்கவும் கூடாது.
* நிறம்: அன்பு. சுயநலமோ உடலிச்சையோ கலவாத இறையன்பு.

இந்த ஐந்தில் நான்கு, சொல்லப்பட்ட செய்தியை விடச் சொன்னவரின் வாழ்க்கையையே நோக்குபவை. இதை விளக்க ஆராஸ் நகரில் தாம் கண்ட ஒரு பெண்ணைப் பற்றி ஜெர்சோன் எழுதியுள்ளார். திருமணமாகிப் பிள்ளைகளும் உள்ள அப்பெண் நாள்கணக்கில் உண்ணாமல் இருந்தார். மக்கள் அவரை வியந்து போற்றினர். ஜெர்சோன் அவருடன் உரையாடியபோது, அந்த நோன்பை எவரிடமும் கேளாமல் தாமாகவே மேற்கொண்டிருந்தது தெரியவந்தது. அறிவுரைக்கு வளையாத இந்தக் கடுந்தவத்தை ஆபத்தானது என்று அவர் கருதினார்.

எர்மீன் விவகாரம்

ரேம்சு நகரில் 1396-இல் இறந்த எர்மீன் என்னும் ஏழைக் கைம்பெண், தம் இறுதி மாதங்களில் பேய்களையும் புனிதர்களையும் கண்டதாகக் கூறியவர். அவருடைய ஒப்புரவுக் குரு அவற்றை எழுதிவைத்தார். அந்த ஏடு ஜெர்சோனின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. அதில் நம்பிக்கைக்கு முரணானது ஏதுமில்லை என்றும், எனினும் அதைப் பலருக்கும் பரப்ப வேண்டாம் என்றும் அவர் மறுமொழி எழுதினார். பல ஆண்டுகள் கழித்து, 1423-இல் எழுதிய நூலில், அந்த விவகாரத்தில் தாம் ஏறத்தாழ ஏமாற இருந்ததாக ஒப்புக்கொண்டார். சோதிப்பவரும் தவறக்கூடும் என்பதற்குத் தம்மையே சான்றாக வைத்தார்.

அரசியல் எதிர்ப்பு

1407 நவம்பரில் பிரான்சு மன்னரின் தம்பியான ஓர்லியான்சு கோமகன் பாரிசுத் தெருவில் கொல்லப்பட்டார். கொலையை ஏவியவர் பர்கண்டி கோமகன் அஞ்சா ஜான். அடுத்த ஆண்டு ழான் பெத்தி என்னும் இறையியலாளர், கொடுங்கோலனைக் கொல்வது முறையே என்று வாதாடி அக்கொலையை நியாயப்படுத்தினார். ஜெர்சோன் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1413-ஆம் ஆண்டு பாரிசில் பர்கண்டி ஆதரவாளர்கள் கலகம் செய்தபோது இவருடைய இல்லம் சூறையாடப்பட்டது. இவர் நோத்ருதாம் பேராலயத்தின் மேற்கூரைப் பகுதியில் ஒளிந்து உயிர் தப்பினார்.

கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம்

சமயப்பிளவை முடிக்கக் கூட்டப்பட்ட கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தில் (1414–1418) ஜெர்சோன் 1415 பிப்ரவரி முதல் பங்கேற்றார். பொதுச்சங்கத்தின் அதிகாரம் திருத்தந்தையையும் கட்டுப்படுத்தும் என்ற கொள்கைக்கு வலுவான ஆதரவு தந்தார். பொகேமியாவின் சீர்திருத்தப் போதகர் யான் ஹுஸ் கண்டனம் செய்யப்படுவதை ஆதரித்தவர்களுள் இவரும் ஒருவர். ஹுஸ் ஜூலை 6, 1415 அன்று எரித்துக் கொல்லப்பட்டார். 1417 நவம்பரில் ஐந்தாம் மார்ட்டின் தேர்ந்தெடுக்கப்பட்டதுடன் பிளவு ஏறத்தாழ முடிவுற்றது.

பிரிசித்தாவின் காட்சிகள் பற்றிய கேள்வியும் இச்சங்கத்தில் எழுந்தது. 1373-இல் இறந்த அவருக்கு உரோமைத் தரப்புத் திருத்தந்தை ஒன்பதாம் போனிபாசு 1391-இல் புனிதர் பட்டம் வழங்கியிருந்தார். பிளவுக் காலத்தில் வழங்கப்பட்டதால் அதை உறுதிப்படுத்துமாறு சுவீடன் நாட்டினர் வேண்டினர். இந்தப் பின்னணியில் ஜெர்சோன் 1415-இல் ஆவிகளைச் சோதித்தறிவது பற்றிய தம் இரண்டாம் நூலை எழுதினார்.

இந்நூல் ஆறு கேள்விகளை முன்வைக்கிறது. வெளிப்பாடு யாருக்குக் கிடைத்தது? அதில் என்ன சொல்லப்படுகிறது? எதற்காகச் சொல்லப்படுகிறது? யாரிடம் அது தெரிவிக்கப்பட்டது? பெற்றவர் எவ்வாறு வாழ்கிறார்? அது எங்கிருந்து வந்தது? முதல் கேள்விக்கு விடை காணும்போது, பெற்றவரின் மனநலம், உடல்நலம், பழக்கவழக்கம், கல்வி, அவர் அண்மையில் மனம் மாறியவரா என்பன போன்றவற்றை விசாரிக்க வேண்டும் என்றார். மனித அறிவாலேயே அறியக்கூடிய ஒன்றைச் சொல்ல இறைவன் தனியாகக் காட்சி தரத் தேவையில்லை என்றும் குறிப்பிட்டார். ஆறாம் கேள்விக்கு எளிதில் விடை கிடைக்காது என்பதையும் உணர்ந்திருந்தார். இறைவன், நல்ல வானதூதர், தீய ஆவி ஆகியவற்றுடன் மனிதரின் சொந்த மனமும் ஊற்றாக இருக்கக்கூடும். இவற்றின் செயல்கள் வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கும்.

பிரிசித்தா பற்றி ஜெர்சோன் தெளிவான தீர்ப்பு எதையும் வழங்கவில்லை. பொய்யை இறைவாக்கு என்று ஏற்பது திருச்சபைக்கு இழிவு. பல நாடுகளில் பரவி மதிக்கப்படும் ஒன்றைத் திடீரென மறுப்பது மக்களின் நம்பிக்கைக்குக் கேடு. இரண்டு பக்கமும் ஆபத்து இருப்பதை எடுத்துரைத்ததுடன் நிறுத்திக்கொண்டார். ஐந்தாம் மார்ட்டின் 1419-இல் பிரிசித்தாவின் புனிதர் பட்டத்தை உறுதிசெய்தார்.

பெண்கள் குறித்த பார்வை

காட்சி பெறும் பெண்களிடம் ஜெர்சோன் கூடுதல் ஐயம் காட்டினார். பெண்கள் ஒப்புரவுக் குருக்களுடன் ஓயாமல் நீண்ட உரையாடல் நடத்துவதை ஐயத்திற்குரிய அறிகுறியாகக் கொண்டார். பதினோராம் கிரகோரி மரணப் படுக்கையில், காட்சிகளைக் கூறும் ஆண்களையும் பெண்களையும் நம்ப வேண்டாம் என்றும், அத்தகையோரால் தாம் வழிநடத்தப்பட்டதே பிளவின் ஆபத்தைக் கொண்டுவந்தது என்றும் எச்சரித்ததாக 1423-ஆம் ஆண்டு நூலில் எழுதினார். இதில் பிரிசித்தாவும் கத்தரீனாவும் சுட்டப்படுவதாக வரலாற்றாளர் கருதுகின்றனர். இன்றைய ஆய்வாளர் பலர் ஜெர்சோனின் இந்தப் பகுதிகளை அக்கால ஆண் அறிஞர்களின் முன்முடிவு என்று விமர்சிக்கின்றனர்.

மறுபுறம், கல்லாத எளிய பெண்களும் ஆழ்ந்த இறைத்தியானத்தை அடையலாம் என்று கூறியவரும் இவரே. 1400-ஆம் ஆண்டளவில் தம் சகோதரிகளுக்காகத் தியானம் பற்றிய நூலை இலத்தீனில் எழுதாமல் பிரெஞ்சு மொழியில் எழுதினார். ரோஜாவின் காதை என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சுக் காவியம் பற்றிய விவாதத்தில், அதை எதிர்த்த பெண் எழுத்தாளர் கிறிஸ்தீன் தெ பிசானின் பக்கம் நின்றார்.

லியோன் ஆண்டுகள்

1418-இல் பாரிஸ் பர்கண்டித் தரப்பின் கைக்குச் சென்றதால் ஜெர்சோனால் அங்கு திரும்ப முடியவில்லை. பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் சில காலம் அகதியாக வாழ்ந்தார். அஞ்சா ஜான் 1419 செப்டம்பரில் கொல்லப்பட்ட பின்னர் பிரான்சுக்குத் திரும்பி, தம் தம்பி செலஸ்தீன் சபை மடத்தின் தலைவராக இருந்த லியோன் நகரில் குடியேறினார். எழுதுவதிலும் சிறுவர்களுக்குக் கற்பிப்பதிலும் இறுதிக் காலத்தைக் கழித்தார்.

ஜோன் ஆஃப் ஆர்க்

1429-ஆம் ஆண்டு ஜோன் என்னும் இளம்பெண், புனிதர்களின் குரல்கள் தம்மை அனுப்பியதாகக் கூறிப் பின்னாளைய மன்னர் ஏழாம் சார்லசிடம் வந்தார். பொய்த்தியே நகரில் இறையியலாளர்கள் அவரைப் பல நாள்கள் விசாரித்தனர். மே 8 அன்று ஓர்லியான்சு நகரின் முற்றுகை விலகியது. மே 14 என நாளிடப்பட்ட குறுநூல் ஒன்று அவ்வெற்றியைப் பற்றிப் பேசுகிறது. இதை எழுதியவர் ஜெர்சோன் என்பதே பெரும்பாலோர் கருத்து; ஐயம் கொள்வோரும் உள்ளனர்.

ஜோனை நம்புவது மறைக்கட்டளை அன்று, ஆனால் நம்புவது பக்திக்கு உகந்ததே என்பது இக்குறுநூலின் நிலைப்பாடு. ஜோன் தம் நலனைத் தேடவில்லை. தடைசெய்யப்பட்ட சூழ்ச்சி எதையும் கையாளவில்லை. மனித முன்யோசனையையும் கைவிடவில்லை என்று அது எடுத்துக்காட்டுகிறது. அவர் ஆண் உடை அணிந்ததையும் ஆதரிக்கிறது. இனிமேல் தோல்வி நேர்ந்தாலும் அதைக் கொண்டு முன்பு நடந்தது தீய ஆவியின் செயல் என்று முடிவுகட்டக் கூடாது. நன்றி மறந்த மக்களின் குற்றமே காரணமாக இருக்கலாம் என்றும் எச்சரிக்கிறது.

இரண்டு மாதங்கள் கழித்து, ஜூலை 12 அன்று ஜெர்சோன் லியோனில் இறந்தார். ஐந்து நாள்களுக்குப் பின் ரேம்சு பேராலயத்தில் சார்லசு முடிசூட்டப்பட்டார். அடுத்த ஆண்டு ஜோன் பர்கண்டிப் படையிடம் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். ஜெர்சோன் வேந்தராக இருந்த அதே பாரிஸ் பல்கலைக்கழகம், இப்போது ஆங்கிலேய–பர்கண்டி ஆட்சியின் கீழ் இருந்து, ஜோனின் காட்சிகளைப் பொய் என்றும் தீய ஆவிகளிடமிருந்து வந்தவை என்றும் தீர்மானித்தது. தாழ்மை, கீழ்ப்படிதல், திருச்சபையின் தீர்ப்புக்கு வளைதல் ஆகிய அளவுகோல்களே அங்கு ஜோனுக்கு எதிராகத் திருப்பப்பட்டன. மே 30, 1431 அன்று ஜோன் ரூவான் நகரில் எரித்துக் கொல்லப்பட்டார்.

பின்னர் நடந்த மறுவிசாரணையில் அத்தீர்ப்பு ஜூலை 7, 1456 அன்று செல்லாது என அறிவிக்கப்பட்டது. ஜெர்சோனின் பெயரில் வழங்கிய குறுநூலும் ஜோனுக்கு ஆதரவான ஆவணமாக அந்த வழக்குக் கோப்பில் சேர்க்கப்பட்டது. 1920-இல் ஜோனுக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

தாக்கம்

ஜெர்சோனின் நூல்கள் அச்சுக்கலை பரவிய 15-ஆம் நூற்றாண்டிலேயே தொகுப்பாக வெளிவந்தன. 1706-இல் எல்லி தியூ பேன் ஐந்து தொகுதிகளாகவும், 1960 முதல் 1973 வரை பலெமோன் குளோரியே பத்துத் தொகுதிகளாகவும் பதிப்பித்தனர். கிறிஸ்துநாதர் அனுசாரம் என்னும் புகழ்பெற்ற பக்தி நூல் இவருடையது என்று நெடுங்காலம் சிலரால் கருதப்பட்டது. இன்று அது தாமஸ் கெம்பிசு என்பவருக்கே உரியதாகக் கொள்ளப்படுகிறது.

காட்சி பெறுபவரின் வாழ்க்கையை ஆராய்தல், மறைநூலுடன் ஒப்பிடுதல், அனுபவமிக்கவரின் அறிவுரையை நாடுதல், பயனைக் காலப்போக்கில் நோக்குதல் ஆகிய இவருடைய வழிமுறைகள் பிற்காலத் திருச்சபை விசாரணைகளிலும் இடம்பெற்றன. எந்த அளவுகோலும் இயந்திரம்போல் விடை தராது என்பது இவருடைய கருத்து. அளவுகோலைக் கையாள்பவர் ஒரு தரப்பினராகும்போது அதுவே படைக்கலமாக மாறும் என்பதை ஜோனின் வழக்கு காட்டியது.